நந்தவனத்துக்கு வருகிற புண்ணியவான்களுக்கு

கோவில் நந்தவனம் ஒன்றைத் தத்தெடுத்து, பழைய செழிப்புக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மறுவேலை என்று நீங்களும் நண்பர்களும் முடிவு செய்துவிட்டீர்கள். மெத்தச் சந்தோஷம். முதல் காரியமாகப் பனியன் அச்சடிக்கக் கொடுங்கள். முன்னால் குழுவின் பெயர், பின்னால் ‘உழவாரப் பணி’, கைப்பக்கம் செலவை ஏற்றுக்கொண்ட ஜவுளிக்கடையின் பெயர். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். கரிசல் மண்ணின் குணத்தை வெள்ளைப் பனியன் விளக்குகிற மாதிரி வேளாண் கல்லூரிப் பாடப்புத்தகம்கூட விளக்காது.

அடுத்தது பேனர். பேனர் கட்ட எதிரெதிரே இரண்டு மரம் வேண்டும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கிற நந்தவனத்தில் இரண்டு மரமாவது உயிரோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘மரம் வளர்ப்போம்’ என்ற பேனரை இரண்டு பேர் நாள் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க நேரும். அன்றைக்குத் தோட்டத்துக்கு எந்தச் சேதமும் செய்யாதவர்கள் அந்த இரண்டு பேர்தான் என்பது வேறு விஷயம்.

தோட்டம் எப்படி இருக்கும் என்று ஒரு படம் மனதில் வைத்திருப்பீர்கள். கடம்பூர், கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம் என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊருக்கு வந்தாலும் அந்தப் படத்தை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்குவது உத்தமம். மதிலோரம் ஒரு கிணறு, நாலு செவ்வரளி, ஒரு நந்தியாவட்டை, இலை உதிர்த்து நிற்கிற ஒரு வில்வம், மிச்சம் முழுக்கச் சீமைக்கருவேலம். இதுதான் நந்தவனம். கோவில்பட்டியில் சாமி பூவனநாதர், அம்பாள் செண்பகவல்லி. இத்தனை பூவோடு இருக்கிற அந்தக் கோவிலுக்குத் தலமரம் களா. முள்ளும் புளிப்புமான புதர். கரிசலில் எது தாக்குப்பிடிக்கும் என்பது தலமரத்தைத் தேர்ந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

எந்த மாதம் வரலாம் என்று கேட்பீர்கள். சித்திரை, வைகாசியில் வந்தால் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். செல்போன் கைதவறி விழுந்தால் மணியடிப்பது கேட்கும், எடுக்க முடியாது. அந்த வெடிப்புக்குள் உங்களுக்கு முன்பே தேளும் நல்ல பாம்பும் குடியேறியிருக்கும். ஆடியில் வந்தால் காற்று பேனரை மணியாச்சிப் பக்கம் கொண்டுபோகும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழை. நனைந்த கரிசலில் ஒரு அடி வைத்தால் செருப்புக்கு அடியில் ஒரு கிலோ, அடுத்த அடியில் இன்னொரு கிலோ. பத்தாவது அடியில் நீங்கள் உயரமாகியிருப்பீர்கள், செருப்பு பின்னால் நிற்கும். தை மாதம் பரவாயில்லை. ஆனால் அப்போது நீங்கள் பழனிக்கு நடந்துகொண்டிருப்பீர்கள்.

எப்படியும் வரத்தான் போகிறீர்கள். கடம்பூரில் வண்டி நின்றால் போளி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் யோசனைகளில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பலன் தரக்கூடியது இது ஒன்றுதான். கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன ஸ்டேஷனை ரயில் பயணிகளுக்குத் தெரிய வைத்தது போளிதான். நிறைய வாங்குங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அனுமதி விஷயம். அறநிலையத் துறைக் கோவில் என்றால் உழவாரப் பணிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வசதி இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டு, ஈ.ஓ. என்கிற செயல் அலுவலரையும் நேரில் பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது ‘பராமரிப்பு’ என்ற சொல்லை உபயோகிக்க வேண்டாம். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டுவிடுவார். ‘ஒருநாள் தூய்மைப் பணி’ என்றால் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுவார். ஏற்கெனவே பலருக்குப் போட்ட அனுபவம் அவருக்கு உண்டு.

இனி, இந்தத் தொழிலில் உங்களுக்கு முன்னோடிகள் யார் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்வது உங்கள் பாதுகாப்புக்கு நல்லது.

நந்தவனத் தொண்டுக்கு இந்தப் பக்கத்துத் தலைமை அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூர். வடபத்ரசாயிக்கு மாலை கட்ட விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார் தோட்டம் போட்டார். ஓர் ஆடிப்பூரத்தன்று துளசிப் பாத்தியில் ஆண்டாளைக் கண்டெடுத்தார். அந்த நந்தவனம் இன்றும் வடபத்ரசாயி கோவிலுக்கும் ஆண்டாள் கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. களை எடுக்கப் போய்க் குழந்தையோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான். உங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்காது. கிடைத்தால் 1098-க்குப் போன் செய்ய வேண்டும், பெயர் வைக்கக் கூடாது. அவரிடம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பெருமாளுக்குத் தினமும் மாலை. அதனால் அவருக்குத் தினமும் தோட்டம். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போயிருந்தால் வடபத்ரசாயி ஆறு நாள் வெறும் கழுத்தோடு படுத்திருப்பார். மகள் சூடிப் பார்த்துக் கொடுக்கவும் மாலை இருந்திருக்காது, வைணவத்தின் பாதிக் கதை நடந்திருக்காது.

இரண்டாமவர் அனந்தாழ்வான். திருமலையில் நந்தவனம் போட யார் போகிறீர்கள் என்று ராமானுஜர் கேட்க, நான் போகிறேன் என்று கிளம்பியவர். தோட்டத்துக்கு ஏரி வெட்டினார். அவர் மண்ணை வெட்ட, கர்ப்பிணியான மனைவி கூடையில் சுமந்தார். அப்போது ஒரு பையன் வந்து, நானும் கூடை சுமக்கிறேன் என்றான். உலகத்தின் முதல் தன்னார்வலன் அவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றார் அனந்தாழ்வான். பையன் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் அந்த அம்மாளிடம் கூடையை வாங்கிச் சுமந்தான். கண்டுபிடித்ததும் கையிலிருந்த கடப்பாரையை வீசினார். மோவாயில் பட்டு ரத்தம் வந்தது. கோவிலுக்குப் போய்ப் பார்த்தால் வேங்கடவன் மோவாயில் ரத்தம். அந்தக் காயத்துக்குத்தான் இன்றைக்கும் பச்சைக் கர்ப்பூரம் வைக்கிறார்கள். கடப்பாரை கோவில் வாசலில் தொங்குகிறது.

வரிசையில் நிற்கிறவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். தோட்டத்துக்கு உதவ வருகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது. தோட்டக்காரர் வேண்டாம் என்று சொன்ன பிறகு உதவினால், உதவியது பெருமாளாகவே இருந்தாலும் கடப்பாரை வரும்.

சைவப் பக்கம் இதைவிடக் கடுமை. கருவூரில் சிவகாமியாண்டார் கொண்டுபோன பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்தியது. எறிபத்தர் மழுவோடு வந்து யானையை வெட்டினார், கூட வந்த ஐந்து பேரையும் வெட்டினார். சோழ ராஜா ஓடிவந்து, தண்டனை போதாது, என்னையும் வெட்டுங்கள் என்று வாளை நீட்டினார். திருவாரூரில் கழற்சிங்கரின் பட்டத்தரசி கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து மோந்து பார்த்தாள். செருத்துணையார் மூக்கை அறுத்தார். விவரம் கேட்ட ராஜா, எடுத்தது கைதானே என்று கையையும் வெட்டினார். ஆகவே பூப் பறித்துத் தலையில் சொருகிக்கொண்டு செல்ஃபி எடுக்கிற எண்ணம் இருந்தால், பக்கத்தில் நாயன்மார் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. நந்தவனத்தில் உங்களை எதிர்கொள்ளப் போகிறவர் மழு வைத்திருக்க மாட்டார். எழுபது வயதில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குடத்தோடு வருவார். பூக்காரத் தாத்தா என்று ஊர் சொல்லும். காலையில் பூப் பறித்துக் கொடுப்பார், சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவார். சம்பளம் என்ன என்று நீங்கள் கேட்காமலிருப்பது நல்லது. கேட்டால் வெள்ளைப் பனியனின் விலையோடு ஒப்பிடத் தோன்றும்.

“எந்த ஊரு தம்பி?”

“சென்னைங்க ஐயா.”

“ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கீக. எத்தனை நாள் இருப்பீக?”

“ராத்திரி கோவில்பட்டியில நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிருவோம்யா.”

“சரி.”

இந்தச் ‘சரி’யைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுதான் எல்லாக் குழுக்களும் வேலையை ஆரம்பிக்கின்றன. நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கருவிகள். நீங்கள் முப்பது பேர், மண்வெட்டி மூன்று. மூன்று பேர் வெட்ட, இருபத்தேழு பேர் மேற்பார்வை பார்க்கலாம். நம் நாட்டில் வேலை நடக்கிற விகிதமும் ஏறக்குறைய அதுதான். தாத்தாவின் மண்வெட்டியை மட்டும் தொடாதீர்கள். அதன் பிடி அவர் உயரத்துக்கும் முதுகு வளைவுக்கும் ஏற்பத் தேய்ந்தது. உங்கள் கையில் அது காலைத்தான் வெட்டும். பண்ணருவாளும் அப்படித்தான். தொரட்டியை எடுத்தால் மேலே பார்த்துக்கொண்டே பின்னால் நகர வேண்டியிருக்கும். கிணற்றுக்குத் திண்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

களை எடுக்கிற கலைக்கு வருவோம். கையேடு எழுதுகிறவன் நிதானமாக நின்று எழுத வேண்டிய அத்தியாயம் இது. தன்னார்வலரின் கண்ணுக்குச் செடி இரண்டே வகை. நர்சரியில் பார்த்தது, பார்க்காதது. பார்க்காதது எல்லாம் களை. அந்த இலக்கணப்படி காலை ஒன்பது மணிக்குள் தும்பை போய்விடும். தும்பை சிவனுக்கு உகந்த பூ. பத்து மணிக்கு எருக்கு போகும், அதுவும் அவருக்குத்தான். பத்தரைக்கு ஊமத்தை, அதுவும். பிள்ளையாருக்கு வேண்டிய அறுகம்புல்லை வேரோடு பிடுங்கி மூலையில் குவித்துவிட்டு, பக்கத்துச் சந்நிதியில் போய் வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்று அதே பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்ளலாம். கீழாநெல்லி, குப்பைமேனி, துத்தி எல்லாம் ஊர்ப் பெண்கள் மருந்துக்குப் பறித்துப் போகிறவை. அவையும் குவியலுக்கு. சாயங்காலம் பார்க்கும்போது தோட்டத்தில் நிற்பது எப்போதோ ஒரு உபயதாரர் வைத்துவிட்டுப் போன குரோட்டன்ஸ் மட்டும். அழகாக இருக்கும். அதை எந்தச் சாமிக்கும் சாத்த முடியாது.

நெருஞ்சியையும் பார்த்தீனியத்தையும் மட்டும் தொடாமல் விட்டுவிடுவார்கள். ஒன்று குத்தும், இன்னொன்று அரிக்கும். இப்படித் தேர்ந்தெடுத்துக் களை எடுப்பதால் அவை இரண்டும் எங்கள் பக்கம் நன்றாக வளர்கின்றன.

பெருக்குகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. பவளமல்லி விடியற்காலையில் தானே உதிரும். கீழே விழுந்ததையும் சாமிக்கு எடுக்கலாம் என்று விலக்கு பெற்ற பூ அது. மரத்தடியில் ஆரஞ்சுக் காம்போடு வெள்ளை வெளேரென்று கிடப்பதைக் குப்பை என்று முதல் வேலையாகக் கூட்டித் தள்ளிவிடுங்கள். காலபூஜைக்குப் பூ எடுக்க வந்தவர் உங்கள் சுறுசுறுப்பைப் பார்த்து வாயடைத்து நிற்பார். மல்லிகைக்குக் கவாத்து செய்கிறேன் என்று கத்தரியை எடுத்தவர்கள் உண்டென்றால், கார்த்திகையில் செய்ய வேண்டிய அந்தக் கவாத்தைப் பங்குனியில் செய்யும்படி யோசனை சொல்கிறேன். மொட்டு அப்போதுதான் கட்டியிருக்கும். வெட்டுவதற்கு வாகு.

இதெல்லாம் சில்லறை. உங்கள் உயிர் நாடி மரக்கன்று நடுவதுதான். பேனரிலும் அதுதான் போட்டிருக்கிறது. செண்பகம், மகிழம், நாகலிங்கம் என்று குளிர்ந்த பெயர்களாகப் பார்த்து நர்சரியில் வாங்கி வந்திருப்பீர்கள். அவை நர்சரிச் செம்மண்ணில், பச்சை வலை நிழலில், காலையும் மாலையும் தண்ணீர் குடித்து வளர்ந்தவை. கரிசலோ மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பிளக்கிற மண். பிளக்கும்போது நடுவில் இருக்கிற பிஞ்சு வேரையும் இழுத்து அறுத்துக்கொண்டுதான் பிளக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் ஒரு பருவத்துக்குள் காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவதால் பிழைத்தன. வேம்பும் உடையும் மஞ்சணத்தியும் தாமாக முளைத்ததால் பிழைத்தன. நட்டது பிழைக்க வேண்டுமென்றால் முதல் இரண்டு மூன்று கோடையை யாராவது குடத்தோடு கூட இருந்து கடத்திவிட வேண்டும்.

குழி வெட்டச் சிரமப்படாதீர்கள். போன வருஷம் வந்த குழு வெட்டிய குழி அங்கேயே இருக்கும். கம்பிக் கூண்டும் இருக்கும், அந்தக் குழுவின் பெயர்ப் பலகையோடு. உள்ளே கன்று மட்டும் இருக்காது. பலகையைத் திருப்பிப் பின்பக்கம் உங்கள் பெயரை எழுதிக்கொண்டால் செலவு மிச்சம். அடுத்த குழுவுக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம். மூன்றாவது பக்கம் கிடையாது.

இப்போது தண்ணீர். இந்த அத்தியாயத்தைப் படிக்காமல் தாண்டிப் போவதுதான் வழக்கம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வது 650 மில்லிமீட்டர் அளவு. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து தீர்ந்துவிடும். பல ஊர்களில் கிணற்று நீர் உப்பு. கோவில்பட்டிக்காரர்கள் குடிக்கிற தண்ணீரே சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர். இந்த லட்சணத்தில், நீங்கள் ஐம்பது கன்று நட்டுவிட்டுப் போனால், ஒன்றுக்கு ஒரு குடம் என்று தாத்தா தினமும் ஐம்பது குடம் சுமக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்னால் அவர் அரளிக்கும் துளசிக்கும் மட்டும்தான் சுமந்துகொண்டிருந்தார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அவர் வேலையை இப்படிப் பல மடங்கு பெருக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்குத்தான் தொண்டு என்று பெயர்.

சுமக்காமல் தண்ணீர் கொண்டுவர இங்கே ஒரு வழி இருந்தது. முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வந்தபோது காய்ந்து கிடந்த சீமையைப் பார்த்து மனம் இரங்கி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1835-இல் எட்டயபுரத்திலேயே அவர் காலமானார். சமாதியும் அங்கேதான். உங்கள் குழுவில் யாருக்காவது அந்த ராகம் நன்றாக வரும் என்றால் குடம் எடுத்துவர வேண்டாம். ஆனால் பேனரைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் தெரியுமா என்று ஒருவர் ஆரம்பிப்பார். எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். இங்கிலாந்தில் 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காத்து வருகிறது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் போய்ப் பாத்தி கொத்துகிறார்கள், ரோஜாவுக்குக் கவாத்து செய்கிறார்கள். எல்லாம் உண்மை. அங்கே இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, தலைமைத் தோட்டக்காரர் என்று சம்பளத்துக்கு ஒருவர் இருப்பார். தன்னார்வலர் அவர் காட்டின செடியைத்தான் தொடுவார். இரண்டு, வானம் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவதை நாம் இறக்குமதி செய்ய முடியாது.

முதலாவதை இறக்குமதி செய்யத் தேவையே இல்லை. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால், நந்தவனத்துக்குக் கொடை கொடுத்தவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போகவில்லை. திருநந்தவனப்புறம் என்று தனியாக நிலம் விட்டு, அதன் விளைச்சலிலிருந்து தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு நெல் இவ்வளவு, புடவைக்கு இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். செடியின் பெயரை விட்டாலும் விட்டார்கள், ஆளின் சோற்றையும் துணியையும் விடவில்லை. பக்தியில் அவர்கள் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர். பூ என்பது ஒரு ஆள் தினமும் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதால் பூப்பது என்று கணக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கல் இப்போது உங்கள் நந்தவனத்திலேயே துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கலாம். கிடந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள். இந்த மூன்றையும் நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

சீமைக்கருவேலத்தைப் பார்த்ததும் உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட பிறகு, அதை வெட்டாதவன் தேசத்துரோகி என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. உடனே ஜேசிபி வரவழைப்பீர்கள். ஜேசிபி ஒன்றரை மணி நேரத்தில் கருவேலத்தை வாரி எடுக்கும். கூடவே கிணற்றுத் திண்டில் பாதியையும் வில்வத்தின் வேரையும் எடுக்கும், அதற்குத் தனியாகக் காசு வாங்காது. வேலை முடிந்து தோட்டம் வெட்டவெளியாக இருக்கும்போதுதான் தெரியும், அந்த முள்தான் வேலியாக இருந்தது என்று. மதில் அங்கங்கே இடிந்து நாளாயிற்று. மறுநாள் காலையில் ஆடு வரும். நீங்கள் ஞாயிறன்று நட்ட ஐம்பதையும் திங்களன்று வந்து பார்வையிடுகிற முதல் விருந்தாளி அதுதான். கருவேலம் பற்றிக் கவலை வேண்டாம். அதன் நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையிலேயே விதையைக் கொண்டுவந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போகும்.

தோண்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால் என்ன செய்வது? உழவாரத்துக்கு மூலவரான அப்பர் திருப்புகலூரில் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது பொன்னும் மணியும் தட்டுப்பட்டன. பரல் கல்லோடு சேர்த்து உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார். நீங்கள் எறிய முடியாது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அன்றைக்குப் பெரிய தொகை. இன்றைக்கு அதற்கு ஒரு போளி வாங்கலாமா என்பதே சந்தேகம். எங்கள் பக்கத்து நந்தவனங்களில் இப்போது தட்டுப்படுவது பெரும்பாலும் பழைய குழு விட்டுப்போன தண்ணீர்ப் பாட்டில். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், கலெக்டர் கோபிக்க மாட்டார்.

மதியச் சாப்பாட்டைக் கோவில் தரும். சாப்பாட்டுக்குப் பிறகு வேம்படியில் கொஞ்சம் சாய்ந்தால் தவறில்லை. வைகைக் கரையை அடைக்கக் கூலியாளாக வந்த சிவன் வந்தியின் உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினார். பிரம்படி வாங்கினார், அந்த அடி ஊருக்கே விழுந்தது. நீங்கள் தூங்கினால் யாரும் அடிக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தாத்தா குவியலிலிருந்து தும்பையையும் அறுகையும் பொறுக்கி எடுத்து, வேர் காயாததை மதில் நிழலில் ஊன்றி, ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருப்பார். எழுந்தவுடன் அந்தச் சாக்கைக் குப்பை என்று எடுத்துவிடாதீர்கள்.

நாலரை மணிக்கு வெயில் சாயும்போது புகைப்படம். தாத்தாவை நடுவில் நிற்க வைத்துக் கையில் ஒரு கன்றைக் கொடுப்பார்கள். அவர் கன்றைப் பார்ப்பார், கேமராவைப் பார்க்க மாட்டார். எத்தனை குடம் ஆகும் என்று எண்ணிக்கொண்டிருப்பதாக நான் சந்தேகிக்கிறேன். படம் எடுத்த பிறகு வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்து, இனி வாரா வாரம் யார் யார் வந்து தண்ணீர் ஊற்றுவது என்று முறை போடுங்கள். முதல் வாரம் ஐந்து பேர் கட்டை விரலைத் தூக்குவார்கள். இரண்டாம் வாரம் கும்பிடுகிற கை மட்டும் வரும். ஒரு மாதம் கழித்து அந்தக் குழுவில் காலை வணக்கமும் பிரதோஷ வாழ்த்தும்தான் இருக்கும். அவற்றில் பூப்படம் நிறைய இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களில் ஒரே ஒருவருக்கு மறுபடி வரத் தோன்றலாம். அபூர்வம்தான், ஆனாலும் அவருக்கென்று தனியாகச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியிலோ கடம்பூரிலோ இருக்கிற ஆளாக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்றைக்கு வேறொரு குழு வரும். செவ்வாய்க்கிழமை வாருங்கள். அரளிக்குக் கட்டிய வாய்க்காலில் எங்கே உடைப்பு, எந்தப் பாத்திக்கு முதலில் மடை திறக்க வேண்டும், எந்தச் செடியைத் தொடக் கூடாது என்று தாத்தா சொல்வார். சொல்லாத வரை சும்மா உட்கார்ந்திருங்கள். கிணற்று மோட்டாருக்கு ஃப்யூஸ் கம்பி கொஞ்சம் வாங்கி வாருங்கள், அது எப்போதும் தீர்ந்துதான் இருக்கும். போளியை இப்போது கொடுக்கலாம். அவருக்குப் பல் இல்லை, ஆனால் போளிக்கு அது தேவையில்லை.

வந்த அன்றைக்கே த்ரீ பேஸ் கரண்டு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ராத்திரி பதினொன்றரைக்கு வந்தாலும் வரும். டார்ச் லைட் கொண்டுவாருங்கள், தரையைப் பார்த்து நடங்கள்.